மான்டிசெல்லோவின் சாட்சிகள்: ஜெஃபர்சனை எழுதியவர்கள் யாரை நம்பினார்கள்?

1873 மார்ச் மாதம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பைக் கவுன்டி ரிபப்ளிகன் என்ற சிறிய பத்திரிகை ஒரு வயதான தச்சரின் வாழ்க்கைக் கதையை வெளியிட்டது. அவர் பெயர் மேடிசன் ஹெமிங்ஸ், வயது 68. வர்ஜீனியாவின் மான்டிசெல்லோ பண்ணையில் அடிமையாகப் பிறந்து, 1826-ல் விடுதலை பெற்றவர். தன் தாய் சாலி ஹெமிங்ஸ் என்றும், தந்தை தாமஸ் ஜெஃபர்சன் என்றும் அவர் சொன்னார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய, மூன்றாவது ஜனாதிபதியான அதே ஜெஃபர்சன்தான்.

அவர் சொன்ன கதை விவரமானது. ஜெஃபர்சன் பிரான்ஸில் தூதராக இருந்தபோது, அவருடைய சின்ன மகளுக்குத் துணையாகத் தன் தாய் பாரிஸ் போனார். அங்கே கர்ப்பமானார். பிரெஞ்சுச் சட்டப்படி அங்கே விடுதலை கோரலாம் என்பது தெரிந்ததால் வர்ஜீனியாவுக்குத் திரும்ப மறுத்தார். தனிச் சலுகைகள் தருவதாகவும், பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுதலை செய்வதாகவும் ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி அவர் திரும்பினார். வாக்கு காப்பாற்றப்பட்டது, வளர்ந்து ஆளான நான்கு பிள்ளைகளும் விடுதலை பெற்றார்கள். இதை மேடிசன் கோபமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. தங்களிடம் ஜெஃபர்சன் தகப்பனுக்குரிய பாசம் காட்டியதில்லை, வெள்ளைப் பேரப்பிள்ளைகளிடம்தான் காட்டினார் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இந்த வாக்குமூலம் தொலைந்து போய் பிறகு கண்டெடுக்கப்பட்ட ஒன்று அல்ல. அடுத்த ஆண்டே வெளிவந்த ஒரு ஜெஃபர்சன் வாழ்க்கை வரலாறு இதைக் குறிப்பிட்டு, தவறு என்று ஒதுக்கியது. அடுத்த நூறாண்டுகளில் வந்த பெரிய வரலாறுகளும் அதையே செய்தன. சாலி ஹெமிங்ஸை ஒரு வதந்தியாக மட்டுமே அறிந்து பல தலைமுறை அமெரிக்கர்கள் வளர்ந்தார்கள். வாழ்க்கை வரலாற்றாசிரியர்களில் யாரும் பெரிய பொய் எதையும் எழுதவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வு ஆராயத் தக்கது என்று நினைக்கிறேன். யார் சொன்னால் அப்படியே ஏற்பது, யார் சொன்னால் ஆதாரம் கேட்பது என்று அவர்கள் பிரித்த விதமே ஒரு மனிதரின் உருவத்தை 125 ஆண்டுகள் தாங்கி நின்றது.

பின்னணி

ஜெஃபர்சனின் மனைவி மார்த்தா 1782-ல் இறந்தார். சாலி அந்த மார்த்தாவுக்கு ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த தங்கை. மார்த்தாவின் தந்தை ஜான் வேல்ஸுக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த எலிசபெத் ஹெமிங்ஸுக்கும் 1773 வாக்கில் பிறந்தவர். வேல்ஸ் இறந்ததும் ஹெமிங்ஸ் குடும்பம் சொத்தோடு சொத்தாக ஜெஃபர்சனிடம் வந்தது. தன் வாழ்நாளில் அவர் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்.

1787-ல் சாலி பாரிஸ் போனபோது அவருக்கு வயது சுமார் 14. வழியில் லண்டனில் அவரைப் பார்த்த, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ், உடன் வந்த எட்டு வயதுக் குழந்தையைவிட இந்தப் பெண்ணுக்குத்தான் அதிகக் கவனிப்பு வேண்டும் என்று ஜெஃபர்சனுக்கே கடிதம் எழுதினார். சாலியின் அண்ணன் ஜேம்ஸ் ஏற்கெனவே பாரிஸில் சமையல் கலை பயின்றுகொண்டிருந்தார். 1789-ல் எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

அதன்பின் ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கேட்டில் சாலியின் பிள்ளைகள் வரிசையாகப் பதிவாகிறார்கள். 1795 முதல் 1808 வரை ஆறு பிறப்புகள். பெவர்லி, ஹாரியட், மேடிசன், எஸ்டன் ஆகிய நால்வர் பிழைத்தார்கள். தகப்பன் பெயர் எழுதப்படவில்லை.

1802 செப்டம்பரில், ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருக்கும்போதே, ஜேம்ஸ் காலெண்டர் என்ற பத்திரிகையாளர் ரிச்மண்டில் இதை அச்சேற்றினார். இவர் முன்பு ஜெஃபர்சனிடம் பணம் வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சியைத் தாக்கி எழுதியவர். கேட்ட தபால் அதிகாரி வேலை கிடைக்காததால் அவருக்கு எதிராகத் திரும்பியவர். பழிவாங்கும் எண்ணம், வாயில் வந்ததை எழுதும் பழக்கம், கறுப்பர்கள் மீது பச்சையான வெறுப்பு எல்லாம் அவரிடம் இருந்தன. பிற்கால வரலாற்றாசிரியர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. கதை காலெண்டரிடம் தொடங்குகிறது என்று எழுதிவிட்டால், காலெண்டரின் யோக்கியதையைச் சொன்னாலே கதையும் முடிந்துவிடும். 71 ஆண்டுகள் கழித்துப் பேசிய மேடிசனையும் காலெண்டரின் எதிரொலியாகவே கணக்கு வைத்தார்கள்.

குடும்பத்தின் கையில் இருந்த பெட்டிகள்

ஜெஃபர்சன் சுமார் 18,000 கடிதங்கள் எழுதியவர். வந்தவை, போனவை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைத்தவர். ஆனால் மனைவியோடு பரிமாறிய கடிதங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தன் கல்லறையில் எதை எழுத வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார்: சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம். ஜனாதிபதி பதவி அதில் இல்லை.

1826 ஜூலை 4 அன்று அவர் இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன் நின்றது. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவின் பொருட்களோடு 130 அடிமைகளும் ஏலத்துக்கு வந்தார்கள். காகிதங்கள் பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃபிடம் போயின. 1829-ல் அவர் நான்கு தொகுதிகளாகக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். ஜெஃபர்சனைப் பற்றி எழுத விரும்பிய எவரும் இந்தக் குடும்பத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது.

அப்படி நின்றவர்களில் முக்கியமானவர் ஹென்றி ராண்டல். 1858-ல் மூன்று பெரிய தொகுதிகளை வெளியிட்டார். பிற்காலத்தவர் எல்லோரும் அஸ்திவாரமாகக் கொண்டது அந்த நூலைத்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது அதில் இல்லை. 1868-ல் சக எழுத்தாளர் ஜேம்ஸ் பார்ட்டனுக்கு எழுதிய தனிக் கடிதத்தில்தான் அது வருகிறது.

சாலியின் பிள்ளைகள் ஜெஃபர்சனை அச்சாக உரித்து வைத்திருந்தார்கள் என்று பேரன் ராண்டால்ஃபே அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு பையனை மங்கிய வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் ஜெஃபர்சன் என்றே நினைக்கத் தோன்றுமாம். விருந்துக்கு வந்த ஒருவர் ஜெஃபர்சனின் முகத்தையும் பின்னால் நின்ற பணியாளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்தாராம். ஆனால் தகப்பன் ஜெஃபர்சன் அல்ல, அவருடைய சகோதரி மகன் பீட்டர் கார் என்றார் ராண்டால்ஃப். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பிறப்பதற்கு முன்பு 15 மாதங்கள் ஜெஃபர்சனும் சாலியும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை என்பதைப் பண்ணைக் கணக்கேட்டைப் பார்த்து உறுதி செய்ததாகவும் ராண்டல் எழுதினார். இதையெல்லாம் நூலில் சேர்க்கக் கூடாது என்பது ராண்டால்ஃபின் வேண்டுகோள். ராண்டலும் சேர்க்கவில்லை.

அதே 1858-ல் ராண்டால்ஃபின் சகோதரி எல்லென் கூலிட்ஜ் தன் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாத்தா அப்படிச் செய்திருக்கவே முடியாது, அது அவர் குணத்துக்கே பொருந்தாது என்று சொன்னவர், தகப்பன் சாமுவேல் கார் என்றார். சாமுவேல், பீட்டரின் தம்பி.

அண்ணன் ஒருவரைச் சொல்கிறார், தங்கை இன்னொருவரைச் சொல்கிறார். இருவரும் சுட்டிய ஆட்கள் அப்போது உயிரோடு இல்லை. ஒரு சாதாரண வழக்காக இருந்தால் இந்த இடத்திலேயே குறுக்கு விசாரணை தொடங்கியிருக்கும். வாழ்க்கை வரலாறுகளில் நடந்தது வேறு. 'கார் சகோதரர்களில் ஒருவர்' என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டி, குடும்பத்தின் சாட்சியம் ஒருமனதானது போல எழுதினார்கள்.

பார்ட்டன் 1874-ல் தன் நூலை வெளியிட்டபோது மேடிசனின் கதை அச்சாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதை அவர் அறிந்திருந்தார். ஒகையோவில் வாழும் மரியாதைக்குரிய அந்த மனிதருக்குத் தவறான தகவல் தரப்பட்டிருக்கிறது என்றும், ஜெஃபர்சனின் நாள்வாரிக் குறிப்பேடுகளைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டால் அவர் தகப்பனாக இருக்கவே முடியாது என்பது நிரூபணமாகிறது என்றும் எழுதினார்.

இந்தக் கூற்று நெடுங்காலம் சோதிக்கப்படாமல் கிடந்ததுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. மேடிசன் பிறந்தது 1805 ஜனவரி 19. ஒன்பது மாதம் பின்னோக்கிப் போனால் 1804 ஏப்ரல். அந்த மாதம் ஜெஃபர்சனின் மகள் மரியா மான்டிசெல்லோவில் மரணப்படுக்கையில் கிடந்தார், ஏப்ரல் 17 அன்று இறந்தார். தந்தை அங்கேயேதான் இருந்தார். எந்த ஜெஃபர்சன் வரலாற்றிலும் விடாமல் சொல்லப்படும் துயர நிகழ்வு அது. அதையும் எழுதினார்கள், 'பதிவேடுகள்படி சாத்தியமில்லை' என்பதையும் எழுதினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது என்பது கண்ணில் படவில்லை.

மேலோனின் ஆறு தொகுதிகள்

20-ஆம் நூற்றாண்டின் ஜெஃபர்சனை உருவாக்கியதில் பெரும்பங்கு டூமஸ் மேலோனுடையது. 1948-ல் முதல் தொகுதி, 1981-ல் ஆறாவது. கடைசித் தொகுதி வரும்போது அவருக்கு வயது 89, பார்வை பெரும்பாலும் போய்விட்டது. 1975-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இப்படி ஒரு மனிதர் ஒரே வாழ்க்கைக்குத் தன் வாழ்க்கையையே கொடுத்ததை மதிக்காமல் இருக்க முடியாது. ஜெஃபர்சன் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பதை மேலோன் அளவுக்குத் துல்லியமாக நிறுவியவர் அதற்கு முன் கிடையாது.

1970-ல் வந்த நான்காம் தொகுதியின் பின்னிணைப்பில் ஹெமிங்ஸ் விவகாரத்தை எடுத்துக்கொண்ட அவர், அதை ஒரு கட்டுக்கதை என்றே தலைப்பில் வகைப்படுத்தினார். இப்படிப்பட்ட செயல் ஜெஃபர்சனின் குணத்துக்கும் கொள்கைக்கும் முற்றிலும் பொருந்தாது என்பதுதான் அவருடைய வாதத்தின் நடுத்தூண். அந்தக் குணம் எங்கிருந்து தெரிந்தது? பெருமளவு ஜெஃபர்சனின் சொந்தக் கடிதங்களிலிருந்தும், மகள், பேரப்பிள்ளைகளின் நினைவுகளிலிருந்தும்தான். பேரப்பிள்ளைகள் வரைந்த குணச்சித்திரத்தைக் கொண்டே பேரப்பிள்ளைகளின் மறுப்பு சரிபார்க்கப்பட்டது. மேடிசனின் கதையோ பத்திரிகை ஆசிரியரின் அரசியல் நோக்கத்தோடு கலந்தது என்று ஒதுக்கப்பட்டது. அதை எழுத்தில் பதிந்தவர் ஆசிரியர்தான், அவருக்கு அரசியல் இருந்தது உண்மைதான். ஆனால் ராண்டால்ஃபுக்கும் எல்லெனுக்கும் தாத்தாவின் பெயரைக் காக்கும் தேவை இருந்ததே, அது எங்கேயும் சாட்சியின் எடையைக் குறைக்கவில்லை.

மற்றொரு முக்கிய வரலாற்றாசிரியர் மெரில் பீட்டர்சன், இந்தக் கதை ஏன் பிழைத்திருக்கிறது என்பதற்கு 1960-ல் காரணங்கள் சொன்னார். எதிர்க்கட்சியினரின் பகை, அடிமை ஒழிப்பாளர்களின் பிரச்சாரத் தேவை ஆகியவற்றோடு, பெருமைக்கு ஏங்கும் கறுப்பர்களின் ஆசையும் ஒன்று என்றார். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த விஷயத்தை விசாரிப்பதற்குப் பதில், அவர்கள் ஏன் அப்படிச் சொல்ல விரும்புகிறார்கள் என்று மனோதத்துவம் பேசியாகிவிட்டது.

இன்னொரு சாட்சியையும் சொல்ல வேண்டும். மான்டிசெல்லோவின் பண்ணை மேற்பார்வையாளர் எட்மண்ட் பேகன். 'ஹாரியட்டின் தகப்பன் ஜெஃபர்சன் இல்லை, வேறொருவர். அவர் அதிகாலையில் சாலியின் அறையிலிருந்து வெளியே வருவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்' என்று இவர் சொன்னது 1862-ல் அச்சானது. அந்தப் பெயர் மட்டும் அச்சில் விடப்பட்டது. ஜெஃபர்சனுக்கு ஆதரவாக இது அடிக்கடி எடுத்தாளப்பட்டது. ஹாரியட் பிறந்தது 1801-ல். பேகன் மேற்பார்வையாளர் ஆனது 1806-ல். அதே பேகன் இன்னொன்றும் சொன்னார்: ஹாரியட் வளர்ந்ததும், ஜெஃபர்சன் உத்தரவின்படி அவருக்கு 50 டாலரும் பிலடெல்ஃபியாவுக்குப் போக வண்டிச் செலவும் தானே கொடுத்து அனுப்பியதாக. இது நேரடியாகச் செய்த காரியம் பற்றிய சாட்சியம். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் இப்படிப் போகவிட்ட ஒரே அடிமைப் பெண் ஹாரியட்தான். பேகனின் இரண்டாவது சாட்சியத்தைவிட முதலாவதைத்தான் அதிகம் பேசினார்கள்.

அச்சுக்குப் போகும் வழியிலேயே விஷயங்கள் உதிர்ந்ததும் உண்டு. 1953-ல் ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கேட்டை எட்வின் பெட்ஸ் பதிப்பித்தபோது, ஆணிப் பட்டறையில் வேலை செய்த சின்னப் பையன்கள் வேலைக்கு வராததற்காகச் சாட்டையடி பட்டதைச் சொல்லும், ஜெஃபர்சனின் மருமகன் எழுதிய கடிதப் பகுதி அதில் இடம்பெறவில்லை. அந்தப் பதிப்பைத்தான் பிறகு வந்தவர்கள் நம்பிப் பயன்படுத்தினார்கள். 'கனிவான எஜமான்' என்ற சித்திரத்துக்கு அந்த விடுபடலும் உதவியது. முழு வாசகம் அச்சில் வந்தது 2005-ல்.

எண்ணிப் பார்த்தவர்கள்

மேலோனுடைய தேதிகளைக் கொண்டே மேலோனின் முடிவு ஆட்டம் கண்டது. 1968-ல் வின்த்ரோப் ஜோர்டன், அமெரிக்க நிறவெறியின் வேர்களை ஆராய்ந்த பெரிய நூலில் போகிறபோக்கில் ஒன்றைக் கவனித்தார். மேலோன் முந்தைய தொகுதிகளில் நிறுவிய கால அட்டவணைப்படி, சாலியின் ஒவ்வொரு பிள்ளை பிறப்பதற்கும் ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். துணை ஜனாதிபதியாகவும் ஜனாதிபதியாகவும் இருந்த அந்த ஆண்டுகளில் அவர் பெரும்பகுதி வெளியூரில்தான் கழித்தார். அவர் ஊரில் இல்லாதபோது சாலி ஒருமுறைகூடக் கருவுறவில்லை. ராண்டல் சொன்ன 15 மாதப் பிரிவு எந்தப் பிள்ளைக்கும் பொருந்தவில்லை.

1974-ல் ஃபான் பிராடி இந்த உறவை மையமாக வைத்தே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். வாசகர்கள் அள்ளிக்கொண்டார்கள், கல்வியுலகம் கொதித்தது. கொதிப்பில் ஒரு பகுதி நியாயமானதுதான். உளப்பகுப்பாய்வு வழியில் அவர் சில இடங்களில் எல்லை மீறினார். 1788 பயணக் குறிப்பில் மண்ணின் நிறத்தைச் சொல்ல, கலப்பினத்தவரைக் குறிக்கும் 'முலாட்டோ' என்ற சொல்லை ஜெஃபர்சன் எட்டு முறை பயன்படுத்தியதை, சாலி மனதில் இருந்ததற்குச் சான்றாகக் காட்டினார். அது அன்றைய விவசாயிகள் மண்ணுக்குச் சாதாரணமாக வழங்கிய பெயர். இந்த மாதிரிப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு விமர்சகர்கள் நூல் முழுவதையும் தள்ளினார்கள். அதோடு மேடிசனின் வாக்குமூலமும் தள்ளப்பட்டது. ஆனால் பிராடி செய்த மிகப் பெரிய காரியம், அந்த வாக்குமூலத்தை முழுமையாகப் பின்னிணைப்பில் அச்சிட்டதுதான். நூறாண்டில் முதல்முறையாகச் சாதாரண வாசகர் அதைத் தன் கண்ணால் படிக்க முடிந்தது.

இன்னொரு விளைவு அவரே எதிர்பாராதது. சாலியின் கடைசி மகன் எஸ்டன், 1850-களில் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு வெள்ளையராக வாழ்ந்தவர். அவர் மகன் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் அதிகாரியாக இருந்தார். அந்தச் சந்ததியில் கறுப்பு வேர் மறைக்கப்பட்டு, ஜெஃபர்சனின் சித்தப்பாவோ பெரியப்பாவோ வழி வந்தவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிராடியின் நூலில் தங்கள் முன்னோர் பெயரைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு உண்மை புரிந்தது. கால் நூற்றாண்டு கழித்து மரபணுச் சோதனைக்குக் கிடைத்த எஸ்டன் வழி மாதிரி, இப்படி அடையாளம் தெரிந்த குடும்பத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு வழக்கறிஞரின் வாசிப்பு

1997-ல் அனெட் கார்டன்-ரீட் எழுதிய நூலைத்தான் இந்த நிகழ்வின் திருப்பமாக நான் கருதுகிறேன், மறு ஆண்டு வந்த மரபணு முடிவை அல்ல. அவர் சட்டப் பேராசிரியர். உறவு இருந்தது என்று நிரூபிப்பதைவிட, வரலாற்றாசிரியர்கள் சாட்சியங்களைக் கையாண்ட விதத்தை விசாரிப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டார். புதிய ஆவணம் எதையும் அவர் நம்பியிருக்கவில்லை. மேடிசன், அவரை உறுதிப்படுத்தி அதே 1873-ல் பேசிய முன்னாள் மான்டிசெல்லோ அடிமை இஸ்ரேல் ஜெஃபர்சன், ராண்டால்ஃப், எல்லென், பேகன், காலெண்டர் என எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே கேள்விகளைக் கேட்டார். நேரில் அறிய வாய்ப்பு இருந்ததா? பொய் சொல்ல அவசியம் இருந்ததா? சொன்னதில் சரிபார்க்கக் கூடியவை சரியாக இருக்கின்றனவா?

மேடிசன் சொன்னதில் பிழைகளும் உண்டு. தாய் பாரிஸில் இருந்த காலத்தை ஒன்றரை ஆண்டு என்கிறார். உண்மையில் இரண்டு ஆண்டுக்கு மேல். ஆனால் விடுதலை பற்றிய அவருடைய கூற்று ஆவணங்களோடு பொருந்துகிறது. பெவர்லியும் ஹாரியட்டும் 1822-ல் பண்ணையை விட்டுப் போனார்கள், யாரும் தேடிப் பிடிக்கவில்லை. மேடிசனும் எஸ்டனும் உயிலில் விடுதலை பெற்றார்கள். அந்த உயில் விடுவித்தது ஐந்தே பேரை. அனைவரும் ஹெமிங்ஸ் குடும்பம். விடுதலையானவர்கள் ஓராண்டில் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற 1806 சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்குத் தர சட்டமன்றத்தை வேண்டிக்கொண்டதும் அதே உயில்தான். மான்டிசெல்லோவில் தன் எல்லாப் பிள்ளைகளும் விடுதலையானதைப் பார்த்த ஒரே தாய் சாலி. இந்தத் தகவல்கள் எல்லாம் பழைய வரலாறுகளிலேயே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரு கேள்வியின் கீழ் கொண்டுவந்து அடுக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஜெஃபர்சன் பற்றிய மிகப் பிரபலமான புதிய நூல் ஜோசஃப் எல்லிஸுடையது. உறவு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற பழைய முடிவையே அது திரும்பச் சொன்னது. 1997-ல் தேசியப் புத்தக விருதும் பெற்றது. ஒரே சமயத்தில் இரண்டு நூல்கள், ஒரே ஆவணங்கள், எதிரெதிர் முடிவுகள்.

குரோமோசோம் சொன்னதும் சொல்லாததும்

1998 நவம்பரில் நேச்சர் இதழில் யூஜின் ஃபாஸ்டரும் குழுவும் வெளியிட்ட ஆய்வு வந்தது. ஆண்வழியில் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் வளர்ந்த மகன் இல்லாததால், அவர் தந்தையின் சகோதரர் ஃபீல்ட் ஜெஃபர்சனின் சந்ததியிடமிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. எஸ்டன் ஹெமிங்ஸின் சந்ததியோடு அது பொருந்தியது. கார் குடும்பத்தோடு எஸ்டன் வழி பொருந்தவில்லை. கார் சகோதரர்கள் சகோதரியின் பிள்ளைகள் என்பதால் அவர்களிடம் ஜெஃபர்சன் குடும்பத்தின் குரோமோசோம் இருக்க வழியில்லை. இதனால்தான் சோதனை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியது. பேரப்பிள்ளைகளின் சாட்சியம் எஸ்டன் விஷயத்தில் அத்தோடு விழுந்தது.

இன்னொரு பொருத்தமின்மையும் வெளிவந்தது. தாமஸ் உட்சன் என்பவர் சாலியின் மூத்த மகன் என்பது அவர் சந்ததியினர் பல தலைமுறையாகக் காத்துவந்த மரபு. அந்த வழி ஜெஃபர்சனோடு பொருந்தவில்லை. குடும்ப வாய்மொழி எல்லாமே சரி என்று யாரும் கிளம்பிவிட முடியாதபடி இதுவும் அதே ஆய்வில் இருந்தது.

தகப்பன் தாமஸ் ஜெஃபர்சனேதான் என்று குரோமோசோம் சொல்லவில்லை. அந்த ஆண்வழியில் ஒருவர் என்று மட்டுமே சொன்னது. தேதிகள், விடுதலைகள், மேடிசனின் சொல், உருவ ஒற்றுமை எல்லாம் சேர்ந்துதான் அது ஒரு மனிதரிடம் வந்து நிற்கிறது. எல்லிஸ் உடனே தன் கருத்தை மாற்றிக்கொண்டு, அதே நேச்சர் இதழில் அதை எழுதினார். மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறக்கட்டளை 2000 ஜனவரியில், எஸ்டனின் தகப்பன் ஜெஃபர்சன் என்பதற்கு வலுவான வாய்ப்பு இருப்பதாகவும், பதிவான ஆறு பிள்ளைகளுக்கும் அவரே தகப்பனாக இருக்கக்கூடும் என்றும் அறிக்கை தந்தது.

எதிர்ப்பு ஓயவில்லை. 2001-ல் வேறொரு அறிஞர் குழு, ஒருவர் தவிர அனைவரும் ஒப்பி, இது நிரூபிக்கப்படவில்லை என்றது. ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃப் ஜெஃபர்சனைச் சாத்தியமான தகப்பனாக முன்வைத்தது. சட்டப்படி அந்தச் சாத்தியத்தை முற்றாக மறுக்க முடியாதுதான். ஆனால் 1802 முதல் 1998 வரை நடந்த சர்ச்சையில் இந்தத் தம்பி ராண்டால்ஃபைத் தகப்பனாக யாரும் பெரிதாகப் பேசியதில்லை. கார் சகோதரர்கள் விலகிய பிறகு காலியான இடத்தில் அவர் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. 2018-ல் அறக்கட்டளை இதை முடிந்துபோன விஷயமாகவே இனி நடத்துவோம் என்று அறிவித்து, சாலி ஹெமிங்ஸுக்கென ஒரு நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தது.

அதன் பிறகு எழுதப்படுவது

மறுப்பு ஓய்ந்த இடத்தில் வேறொரு ஆசை தலைகாட்டியது: இதைக் காதல் கதையாக்குவது. மனைவியை இழந்த மேதை, மனைவியின் சாயல் கொண்ட இளம்பெண், பாரிஸ். எழுதுவதற்கு எளிது, படிக்கவும் சுகமாக இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 14 முதல் 16 வயது, அவருக்கு 44-க்கு மேல். வர்ஜீனியாச் சட்டத்தில் அவள் அவருடைய சொத்து. மறுக்கும் உரிமை அவளுக்கு அங்கே கிடையாது. சாலி எழுதிய ஒரு வரிகூட இல்லை, ஒரு படமும் இல்லை. அவர் என்ன உணர்ந்தார் என்று எழுதும் எவரும் கற்பனையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பாரிஸில் திரும்ப மறுத்ததும், பிள்ளைகளின் விடுதலைக்குப் பேரம் பேசியதும், மேடிசன் சொல்வதை நம்பினால், அவர் செய்த காரியங்கள். அவற்றைப் பற்றி எழுதலாம்.

கார்டன்-ரீட் 2008-ல் வெளியிட்ட இரண்டாவது நூலில் அதைத்தான் செய்தார். ஜெஃபர்சனை நடுவில் வைக்காமல் ஹெமிங்ஸ் குடும்பத்தையே மூன்று தலைமுறைக்கு எழுதினார். மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வரலாற்றுப் பிரிவில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பழைய நூல்களில் பிரெஞ்சுச் சமையலைக் கொண்டுவந்த பணியாளாக ஓரிரு வரிகளில் வந்துபோன ஜேம்ஸ் ஹெமிங்ஸ், இங்கே முழு மனிதராக வருகிறார்: தம்பி பீட்டருக்குச் சமையலைக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்ற ஒப்பந்தத்தை 1793-ல் ஜெஃபர்சனிடம் எழுத்தில் வாங்கியவர், 1796-ல் விடுதலையானவர், 1801-ல் தற்கொலை செய்துகொண்டவர்.

ஹெமிங்ஸ் குடும்பத்துக்காவது இவ்வளவு பதிவு இருக்கிறது. 1827 ஏலத்தில் பிரிக்கப்பட்டுப் போன மற்றக் குடும்பங்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மான்டிசெல்லோவின் வரலாற்றாய்வாளர்கள் லூசியா ஸ்டான்டனும் டயான் ஸ்வான்-ரைட்டும், மரபணு முடிவு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1993-ல் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினரைப் பல மாநிலங்களில் தேடிப்போய், வீட்டில் சொல்லக் கேட்டதைப் பதிவு செய்து, பண்ணைக் கணக்கேட்டோடும் மக்கள்தொகைப் பதிவோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். பொருந்தியதும் பொருந்தாததும் இரண்டுமே ஆவணத்தில் சேர்க்கப்படுகின்றன. இப்போது ஜெஃபர்சனைப் பற்றி எழுத வருபவர் பேரன் ராண்டால்ஃபின் கடிதக் கட்டோடு அந்தப் பதிவுகளையும் திறந்து பார்த்தாக வேண்டும்.